முதல் பக்கத்து அடிக்குறிப்பு

"கட்டுரைய நான் அடிச்சுத் தாரேன் சார். இந்த மே மாச வெயில்ல எதுக்குப் பாளையம்பட்டியில இருந்து பஸ்ஸு ஏறி வாரீக?" என்றாள் ஏஞ்சலின்.

"என் கணக்கு. நானே அடிச்சாத்தான் தப்பு கண்ணுல படும்" என்றார் தாவீதுராஜ், ஒற்றை விரலால் டாலர் குறியைத் தேடியபடி.

1996இல் அருப்புக்கோட்டையில் லேடெக் தெரிந்த ஆள், கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ஏஞ்சலின் மட்டும்தான். கணக்குச் சூத்திரங்களைப் பாடப்புத்தகம் போல அச்சிட்டுத் தரும் அந்த மென்பொருளை மதுரையில் எம்.எஸ்சி. படித்தபோது பழகியிருந்தாள். லேடெக்கில் வராத கட்டுரையை அவர் அனுப்பவிருந்த வெளிநாட்டுக் கணக்குப் பத்திரிகை தொட்டுக்கூடப் பார்க்காதாம்.

தாவீதுராஜ் கல்லூரியில் கணக்குத் துறைத் தலைவர். பிரின்சிபால் நாற்காலிக்குத்தான் மனுஷர் இப்படிப் பறக்கிறார் என்று ஊரில் பேச்சு. ஏஞ்சலினும் அதையே நம்பினாள்.

சூத்திரத்தின் முன்னும் பின்னும் டாலர் குறி போட வேண்டும்; ஓரிடத்தில் பின்னால் போட மறந்தார்; ஒரு பத்தி முழுக்கச் சாய்ந்து, எழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவர் சலிக்கவில்லை. திருத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"முகவரிக்கு வெள்ளத்துரையோடதப் போடும்மா. லெட்டரெல்லாம் அவனுக்கே போகட்டும்."

வெள்ளத்துரை அவருடைய பழைய மாணவர். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையதுதான்.

"டிசம்பர் மாநாட்டுல பேசப் போறதும் அவுகதானா சார்?"

"அவன்தான். அதுக்கும் ஸ்லைடு இப்பவே அடிச்சு வச்சிருவோம்."

பிரின்சிபாலாகிவிட்டால் இதற்கெல்லாம் ஏது நேரம் என்று ஏஞ்சலின் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில், பெயருக்குப் பக்கத்தில் குட்டிக் கத்தி போல ஒரு குறி வேண்டும் என்றார். அவள் சொல்லச் சொல்ல அவரே அடித்தார்.

"குறி போட்டா அடிக்குறிப்பும் வேணும் சார். என்னன்னு எழுத?"

"'காலமானார்'னு இங்கிலீஷ்ல போடு."

ஏஞ்சலின் திரையை உற்றுப் பார்த்தாள். "சார், குறி மாறி உங்க பேருல விழுந்திருச்சு!"

"சரியான எடத்துலதான் இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"அச்சாகி வர ரெண்டு வருசம் ஆகும். டாக்டர் எனக்கு அம்புட்டுத் தரலம்மா."