அரைப்படிச் சொம்பு

“டாக்டரு சொன்னா? நாளைக்கு மேட்டூர் அணையவே மூடச் சொல்லுவாரு, மூடிருவீங்களா? தெனமும் என்ற சொம்புல ரெண்டு சொம்புத் தண்ணி. அதுல ஒரு சொட்டு கொறைஞ்சாலும் நடக்கறதே வேற!”

எடப்பாடியின் விசைத்தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது சென்றாயனின் குரல். மனுஷனுக்கு இதயம் பழுது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் போனால் நெஞ்சில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அப்பாவைப் பார்க்க நாமக்கல்லிலிருந்து வந்த தேவிப்ரியா அவர் பக்கத்திலிருந்த சொம்பைக் காட்டினாள்.

“அப்பா, அது அரைப்படிச் சொம்புங்க. ரெண்டு சொம்புன்னா ஒரு படி. ஒரு படி ஒன்றரை லிட்டருங்கப்பா!”

“அட போ அம்மணி! அரைப்படின்னா அரை லிட்டரு. நான் பாக்காத படியா?”

“ஏம்மா, நீயும் நெறைச்சு நெறைச்சுக் குடுக்கறியே! உனக்கு அவரு வேணுமா, வேண்டாமா?”

அம்மா சின்னாயி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன வாரம் அந்தப் பித்தளைச் சொம்பு ஈயம் பூசப் போயிருந்தபோது, டம்ளரில் குடிப்பேனா என்று மனுஷர் வீட்டையே இரண்டாக்கிவிட்டார். இன்னொரு முறை மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை போலும்.

தேவிப்ரியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. பையிலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து, அப்பா கண்ணெதிரிலேயே காலிச் சொம்பில் ஊற்றினாள்.

பாதி பாட்டிலிலேயே சொம்பு நிறைந்து தரையில் வழிந்தது.

“பாத்தியா! படிச்ச புள்ளைன்னு பேரு! டாக்டரு கணக்கும் என்ற கணக்கும் ஒண்ணேதான்!”

சென்றாயன் சொம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

தேவிப்ரியா மீதிப் பாட்டிலையே வெறித்துப் பார்த்தாள். “எப்படிம்மா? நான் சொன்ன கணக்கு எங்க தப்பாச்சு?”

“மெதுவாப் பேசு சாமி. உன்ற கணக்கு சரிதான்.” சின்னாயி காலிச் சொம்பைக் கையில் எடுத்தாள். “அந்த மனுஷன் வீம்பை உட மாட்டாரு, நான் அவரை உட மாட்டேன். ஈயம் பூசறவருகிட்டச் சொல்லி, உள்ளுக்குள்ள தகடு வெச்சு அடிய மேல ஏத்திப்புட்டேன்!”