கெண்டைக்கால் மச்சம்

"பையன் வெளியிலயே இருக்கட்டும், டாக்டரம்மா. எதுவா இருந்தாலும் என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

வைத்திலிங்கம் வேட்டியை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கடலூர் தோல் டாக்டர் பவானி அவருடைய கெண்டைக்காலில் இருந்த கறுப்பு மச்சத்தின் மேல் ஜெல்லைத் தடவினார். விளக்கு வைத்த சின்ன லென்ஸை அதில் பதித்து, குனிந்து பார்த்தார்.

போன வாரமும் இப்படித்தான் பார்த்தார். அதற்கு முந்தின நாள், "கறுப்பா இருக்கு, ரத்தமும் கசியுது. கேன்சரான்னு கடலூர்ல காட்டிடுங்க" என்று உள்ளூர் டாக்டர் சொல்லியிருந்தார்.

சேதி எப்படியோ சிதம்பரத்துக்குப் போய், அன்று சாயங்காலமே மகன் அருண்பாண்டியன் மேல்பட்டாம்பாக்கம் வீட்டு வாசலில் வந்து நின்றான். பிரிசில்லாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தபோது, "நான் செத்தாக்கூட இந்தப் பக்கம் வராத" என்று அவனை விரட்டியவர் வைத்திலிங்கம். அன்றைக்கு மட்டும் நகர்ந்து வழிவிட்டார்.

மறுநாள் கடலூருக்குக் கூட்டி வந்தவனும் அவன்தான். லென்ஸ் வைத்துப் பார்த்து முடித்ததும், "நீங்க வெளியில இருங்கப்பா" என்று அவரை அனுப்பிவிட்டு டாக்டரிடம் தனியாகப் பேசினான். வெளியே வந்தபோது அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னடா சொன்னாங்க?"

"புண்ணு ஆறட்டுமாம். அடுத்த வாரம் திரும்பப் பாத்துட்டுதான் சொல்லுவாங்களாம்." வீடு வந்து சேரும்வரை பஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அப்புறம் அவன் சிதம்பரம் போகவே இல்லை. மருமகளும் பேத்தி சிந்துஜாவும் வந்து சேர்ந்தார்கள். மனைவி இறந்ததிலிருந்து கடைச் சாப்பாடு சாப்பிட்டவருக்கு, பிரிசில்லா ரசம் ஊற்றிச் சோறு பிசைந்து தட்டைக் கையில் கொடுத்தாள். "வலிக்குதா தாத்தா?" என்று பேத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடினால் சாவு பயம். திறந்தால் வீடு நிறைய ஆள்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்லீங்க அய்யா. ரத்தக்குழாய்ங்க விரிஞ்சு ஒரே எடத்துல கொத்தா சேர்ந்திருக்கு, அவ்ளோதான். உள்ள ரத்தம் உறைஞ்சதால கறுப்பா தெரியுது. போன வாரம் பொருக்கு மூடியிருந்துச்சு. இப்ப சின்னச் சின்ன குட்டையாட்டம் சிவப்பும் நீலமுமா நல்லா தெரியுது. கேன்சர் கெடையாது."

வைத்திலிங்கம் சிரிக்கவில்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நெசமாத்தானா?"

"சந்தேகமே வாணாம். பையனைக் கூப்புடுறேன், அவரும் சந்தோஷப்படட்டும்."

"ஐயோ, வாணாம்மா!" அவர் கட்டிலை விட்டு இறங்கியே விட்டார். "அவன்கிட்ட சொல்லாதீங்க. இன்னும் சந்தேகமாத்தான் இருக்கு, மறுபடியும் பாக்கணும்னு சொல்லி வையுங்க."

"ஏன் அய்யா?"

"எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா, நாளைக்கே பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிடுவான். அவனை விரட்டுனவன் நான். இருடான்னு கேக்க எனக்கு எந்த வாய் இருக்கு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அநேகமா பயப்பட ஒண்ணுமில்லன்னு போன வாரமே உங்க பையன்கிட்ட சொல்லிட்டேன், அய்யா. எதுக்கும் புண்ணு ஆறுனதும் ஒரு தடவை பாத்துட்டு உங்ககிட்ட உறுதியா சொல்லலாம்னு இருந்தேன்."

வைத்திலிங்கம் அப்படியே நின்றார். "அவனுக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"'ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா அப்பா திரும்பவும் என்னை விரட்டிடுவாரு'ன்னு அழுதாருங்க."