பறக்க ஆசைப்பட்ட மர விசிறி

கருப்பும் வெளுப்புமான மரத் தகடுகளை ஏழடுக்காக ஒட்டி, அசலைப் போலவே செதுக்கிய விசிறி ஒன்று மாதிரி விமானத்தின் மூக்கில் இருந்தது. போட்டி நடுவர்கள் அதைக் குனிந்து பார்த்து, தோற்றத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். உடனே விமானக்காரர் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, பறப்பதற்காக ஒரு பிளாஸ்டிக் விசிறியை மாட்டினார்.

“ஒரே ஒரு தடவை நான் போயிட்டு வரேனே,” என்றது மர விசிறி.

“உன் அழகுக்கு இந்த ஆசை வேறயா? பேசாம படு,” என்றது பிளாஸ்டிக்.

விமானம் இறங்கும்போது தரையில் இடித்துப் பிளாஸ்டிக் விசிறி முறிந்தது. அந்தச் சத்தம் மர விசிறிக்கு இனித்தது. இனி அவர் தன்னைத்தான் மாட்டியாக வேண்டும்!

விமானக்காரர் பெட்டியைத் திறந்து, மர விசிறியின் தூசியைப் பதமாகத் துடைத்தார்.

“கொஞ்சம் நகருங்கண்ணே, என்னைத்தான் எடுக்க வர்றார்,” என்றது அதன் அடியில் கிடந்த இன்னொரு பிளாஸ்டிக் விசிறி.