கடன் வாங்கிய பீரியட்

"டீச்சர், இனிமே எங்களுக்கு டிராயிங்கும் கணக்கு டீச்சர்தான் எடுப்பாங்களா?"

மாடிப்படியில் ஐந்தாம் வகுப்பு வாண்டு ஒன்று வழிமறித்துக் கேட்டதும் ஓவிய ஆசிரியைக்குச் சுருக்கென்றது.

"நேத்து என் பீரியட்ல அவங்க கணக்குதானேடா எடுத்தாங்க?"

"இல்ல டீச்சர். வாத்து வரைஞ்சாங்க. பார்க்கக் குக்கர் மாதிரி இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 'போர்ஷன் முடியல, ஒரு பீரியட் கடன் குடுங்க டீச்சர்' என்று கணக்கு டீச்சர் எத்தனை முறை குழைந்திருப்பார்! எல்லாம் நடிப்பா?

போன வருடம் ஒரு காய்ச்சலுக்குப் பின், உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கி அவளைப் படுக்கையில் போட்டிருந்தது. மாதக்கணக்கில் கிடந்து, சுவரைப் பிடித்து நடை பழகி, இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கொட்டினாள்.

"அந்தம்மா சிரிச்சுக்கிட்டே குழி பறிக்கிறாங்க. டிராயிங்கும் அவங்களே எடுத்துட்டா, நான் எதுக்குன்னு கேட்க மாட்டாங்களா?"

"போனா போகட்டும், விடு. டாக்டர் என்ன சொன்னார்? திரும்ப வர்றது அபூர்வம்தான், ஆனாலும் காய்ச்சல் பிள்ளைங்ககிட்ட இருந்து தள்ளி இருங்கன்னார்ல? உங்க பள்ளிக்கூடமே லொக்கு லொக்குன்னு இருமுது."

"தள்ளி இருந்தா வேலையும் தள்ளிப் போயிடும்ங்க. வியாதி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். வேலை போனா போனதுதான்."

மறுநாள் காலை நேராகத் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தாள்.

"கணக்கு டீச்சர் பொய் சொல்லி என் பீரியடைப் பிடுங்கறாங்க மேடம்."

"பொய்தான். அவங்க போர்ஷன் போன மாசமே முடிஞ்சிடுச்சு."

"அப்போ உங்களுக்கும் தெரியுமா? என்னை அனுப்பறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உட்காருங்க. எந்த வகுப்பைக் கடன் கேட்டாங்கன்னு கவனிச்சீங்களா? எங்கெல்லாம் பிள்ளைங்க காய்ச்சலோட வந்தாங்களோ, அந்த வகுப்பு மட்டும்தான். ஆஸ்பத்திரியில உங்களைப் பார்க்க வந்தப்போ டாக்டர் சொன்னதை அவங்களும் கேட்டிருக்காங்க. 'அவங்ககிட்ட சொல்லாதீங்க மேடம், ரோஷக்காரங்க, தெரிஞ்சா வீம்புக்கே போய் நிப்பாங்க'ன்னாங்க. இப்போ பாருங்க, காய்ச்சல்ல அவங்க படுத்துட்டாங்க."

மாலையில் பள்ளி காலியான பிறகு, கணக்கு டீச்சர் வகுப்புக்காகப் பாதி வரைந்து மேசையில் விட்டிருந்த வடிவியல் படத்தை எடுத்து, வட்டங்களையும் கோணங்களையும் நிதானமாக வரைந்து வண்ணம் தீட்டி முடித்தாள். எந்தப் படத்திலும் போட மறக்காத தன் கையெழுத்தை மட்டும் அதில் போடவில்லை.