சரி பண்ணிடாதே!

கல்யாணராமன் சாரைப் போல ஒரு கஞ்சனை கம்ப்யூட்டர் மெக்கானிக் ராம்கி பார்த்ததில்லை.

ஊரே செல்போனில் ஜாதகம் பார்க்கிறது. இவர் தல்லாகுளத்து ஜோதிட நிலையத்தில் விண்டோஸுக்கும் முந்திய டாஸ் காலத்து ஜாதகப் புரோகிராமை விடாமல் கட்டிக்கொண்டு அழுகிறார். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும் மகன் புதுசு வாங்கி அனுப்பியிருந்தான். அதற்கும் ஒரு நிபந்தனை.

"பழைய புரோகிராமை அப்படியே இதுல ஏத்திக் கொடுப்பா. ஒண்ணையும் சரி பண்ணிடாதே!"

மெக்கானிக்கைக் கூப்பிட்டு இப்படிச் சொன்னால் கோபம் வருமா, வராதா?

வாசலில் எழுமலையிலிருந்து வந்த மாயக்காள் காத்திருந்தாள். "சாமி, வாடிப்பட்டி மாப்ள வீட்டுல கம்ப்யூட்டர் ஜாதகந்தான் வேணுமின்னு நிக்கிறாக. எம்மக ரோகிணிக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இதுவும் போச்சுன்னா அவ மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

"செத்த இரும்மா. மிஷின் மாறறது."

ராம்கி புரோகிராமை ஓட்டிப் பார்த்தான். 'கூடுதல் மெமரி கிடைக்கவில்லை' என்று ஒரு வரி வந்தது. ஜாதகம் நாலு பக்கத்தோடு நின்றுவிட்டது.

"சார், டாஸ் தானா எடுத்துக்கிறது கொஞ்சூண்டு மெமரிதான். மேற்கொண்டு வாங்கித் தர இதுல ஒரு குட்டி புரோகிராம் இருக்கு. அந்த இடத்தை இன்னொண்ணும் பிடிச்சு வச்சிருக்கு. பஸ்ல ஒரே சீட்டுக்கு ரெண்டு பேரு துண்டு போட்ட கதைதான். செட்டிங்ல ஒரு வரியை எடுத்தா முழுசா வந்துரும்."

"தெரியும்பா. வேண்டாம்."

தெரியுமாம்! ராம்கிக்குக் கை சும்மா இருக்கவில்லை. வரியை எடுத்தான். ரோகிணி பிறந்த தேதியையும் நேரத்தையும் போட்டான். ஏழு பக்கமும் திரையில் மளமளவென்று வந்தன.

"பாருங்க சார், இம்புட்டு நாளா மூணு பக்கத்தைத் தொலைச்சிட்டு இருந்திருக்கீங்க!"

கல்யாணராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பாதியில் அவர் முகம் சுண்டிப்போனது.

"பழையபடி ஆக்கு, ராம்கி."

"என்ன சார் இது?"

"அந்த வரியைத் திரும்பப் போடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தாள் செலவுன்னா நாலு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுங்களேன்."

"வந்ததை மறைச்சா பொய்யாயிடும்பா. வரவே கூடாது."

இந்தக் கஞ்சத்தனத்துக்கு நியாயம் வேறு! முணுமுணுத்துக்கொண்டே ராம்கி வரியைத் திரும்பப் போட்டான். பிரிண்டர் நாலு பக்கம் அடித்துவிட்டு ஓய்ந்தது.

மாயக்காள் தாள்களை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "குறை ஏதும் சொல்லலையே சாமி?"

"கம்ப்யூட்டர் ஒண்ணுமே சொல்லலைம்மா. தைரியமாக் கொண்டுபோய்க் கொடு."

அவள் கண் கலங்கக் கும்பிட்டாள். மகளுக்குப் போன் போட்டபடியே பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பார்த்த ராம்கிக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"மூணு தாளுக்காகவா சார் இம்புட்டும்?"

கல்யாணராமன் குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சாம் பக்கத்துலதான்பா செவ்வாய் தோஷம் வரும். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு நாள் அந்தப் பக்கம் தானா வராம நின்னுபோச்சு. சரி பண்ண ஆள் தேடிண்டிருந்தேன். அதுக்குள்ள, எங்க போனாலும் தட்டிப் போயிண்டிருந்த ஒரு பொண்ணுக்கு அந்த நாலு பக்கத்தை வச்சே கல்யாணம் கூடிடுத்து. அப்புறம் நான் ஆள் தேடவே இல்லை."