ஓட்டைவாய் பஸீலா

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. உங்க வீட்டுக்காரர்கிட்டகூட!" என்றாள் அரவிந்தவல்லி.

மருந்துக் கண்டுபிடிப்புகளுக்குப் பேடன்ட் வாங்கித் தருகிற வக்கீல் அவள். சென்னையில் பெரிய கம்பெனிகளுக்கு மாடாய் உழைத்துவிட்டு, ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்து ஆபீஸ் போட்டிருந்தாள். உள்ளூரிலேயே இப்படி ஒரு கேஸ் வந்து மடியில் விழும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

எதிரே பஸீலா. அரியமங்கலத்தில் சின்னதாக மருந்துக் கம்பெனி நடத்துபவள். குழந்தைகளுக்குத் தருகிற ஆன்டிபயாடிக் சிரப் பொடியில் தண்ணீர் கலந்துவிட்டால், அதை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெளியே வைத்தாலும் கெடாதபடி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதற்குள் மோப்பம் பிடித்து ஒரு மும்பைக் கம்பெனி வந்து நின்றது.

"பேடன்ட் கிடைச்சா, உங்களைக் கேக்காம எவனும் இதைத் தொட முடியாது. மும்பைக்காரன் கோடி கோடியாக் கொட்டி வாங்கிப்பான். அப்புறம் அவன் வச்சதுதான் விலை!"

"முன்னாடியே வெளிய சொல்லிட்டா?"

"போச்சு! ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்குப் பேடன்ட் கிடையாது. அப்புறம் எவனும் தன் பேர்ல பேடன்ட் வாங்க முடியாது."

"எவனுமேவா மேடம்?"

"எவனுமேதான். அதனால வாயைத் திறக்காதீங்க, தாயே!"

பஸீலா பலமாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அரவிந்தவல்லி ஊண் உறக்கம் மறந்து விண்ணப்பம் தயாரித்தாள். இது ஒன்று போதும், "ஸ்ரீரங்கத்துல உக்காந்து என்ன கிழிக்கப் போறே?" என்று கேட்ட பழைய சீனியர்களின் வாயை அடைத்துவிடலாம்.

தாக்கல் செய்ய ஒரு நாள் இருக்கும்போது, கணவன் வேதாந்தம் ஹாலிலிருந்து கத்தினான்.

"அரவிந்தா, உன் கட்சிக்காரி டி.வி.யில வரா!"

ஓடிவந்து பார்த்தாள். லோக்கல் சேனலில் மகளிர் நிகழ்ச்சி. எந்தப் பொருள், எவ்வளவு, எந்தச் சூட்டில் என்று போர்டில் எழுதி, பிரியாணி செய்முறை மாதிரி புட்டுப் புட்டு வைத்துக்கொண்டிருந்தாள் பஸீலா. யூட்யூபிலும் பார்க்கலாமாம்!

"ரங்கா! குடியைக் கெடுத்தாளே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள் அரவிந்தவல்லி.

மறுநாள் காலை, பஸீலாவே ஆபீசுக்கு வந்தாள். கையில் ஸ்வீட் பாக்ஸ், முகமெல்லாம் சிரிப்பு.

"புரோகிராம் பாத்தீங்களா மேடம்?"

அரவிந்தவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டி.வி.யில மூஞ்சி தெரியணும்னு அப்படி என்ன ஆசை? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஓட்டைவாயால எல்லாத்தையும் காவேரியில விட்டுட்டீங்களே!"

பஸீலா சிரிப்பு மாறாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"கோவப்படாதீங்க மேடம். எங்க கம்பெனியில லேபிள் ஒட்டற பொண்ணுங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் கிடையாது. அவங்க பிள்ளைங்களுக்காகத்தான் இதை ஆரம்பிச்சேன். மும்பைக்காரன் வைக்கிற விலைக்கு அவங்க எங்க போவாங்க? எவனாவது தன் பேர்ல எழுதிக்குவானோன்னு பயந்துதான் உங்ககிட்டயே வந்தேன். நல்லவேளை, நீங்களே வழி சொல்லிட்டீங்க."

"நானா?"

"ஊருக்கே தெரிஞ்சுட்டா எவனும் சொந்தம் கொண்டாட முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த வீடியோவை மட்டும் இன்னொரு தடவை பாத்துடுங்க மேடம். எதையாவது சொல்லாம விட்டிருந்தா, இன்னைக்கே இன்னொரு புரோகிராம் பண்ணிடறேன்!"