மூலை மரத்துத் திருடன்

“உண்மையைச் சொல்லிடு. மூலை மரத்துப் பழம் எங்க?” என்றார் தோப்புக்காரர்.

காவலாளி தலையைச் சொறிந்தார். “நான் எடுக்கலைங்கய்யா.”

“நீ எடுக்கலை, நான் எடுக்கலை. பழத்துக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?”

“முந்தாநாள் மூணு. நேத்து நாலு,” என்று தோப்புக்காரரின் மனைவி அடி எடுத்துக் கொடுத்தார். “காம்பை அழகா நறுக்கியிருக்கு. வௌவால் கத்தரிக்கோல் வெச்சுக்கிட்டுப் பறக்கிறதா நான் கேள்விப்பட்டதில்லை.”

காவலாளிக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. தோப்பு முழுக்கக் கொய்யா. ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய அளவு. அதன் மினுமினுப்பில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். அவரே இரண்டு முறை செய்துகொண்டிருக்கிறார். அதில் எத்தனை வேண்டுமானாலும் பறித்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் கொடு என்று முதலாளியம்மா தாராளமாகச் சொல்லியிருந்தார். மூலையில் நிற்கிற மரம் மட்டும் சவலைப் பிள்ளை மாதிரி. எலுமிச்சை அளவில் பழம், அதிலும் புள்ளி. திருட வருகிறவன் போயும் போயும் இதையா திருடுவான்?

“அந்த மரத்துல அப்படி என்னதாங்கய்யா இருக்கு?”

“எங்க கல்யாணத்தன்னைக்கு நட்ட மரம்யா அது,” என்றார் தோப்புக்காரர்.

“எங்க அண்ணன் வெளியூர் போறப்போ நட்டுட்டுப் போனது,” என்றார் மனைவி, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கல்யாணம் முடிஞ்ச கையோட அண்ணன் வெளியூர் போயிட்டாரு,” என்று மனைவி ஒட்டுப் போட்டார்.

காவலாளிக்குத் திருடன் மேல் இருந்த சந்தேகத்தில் பாதி முதலாளி பக்கம் நகர்ந்தது. ஆனால் முதலாளியைச் சந்தேகப்பட்டால் சம்பளம் வராது.

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆளைக் காட்டு. இல்லைன்னா வேற வேலை பார்த்துக்கோ,” என்று தோப்புக்காரர் முடித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து உரக்கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மரங்களை நலம் விசாரிக்க வாரத்தில் நாலு நாள் வருவார். சொந்த மாமனாரைக்கூட அவர் இப்படி விசாரித்ததில்லை.

“என்னண்ணே, காலையிலயே விசாரணை?”

சொன்னார்கள். கடைக்காரர் காவலாளியை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்குப் பிள்ளைங்க எத்தனை?”

“மூணுங்க.”

“ம்...” என்றார். அந்த ஒற்றை எழுத்தில் ஒரு முழுக் குற்றப்பத்திரிகை இருந்தது.

காவலாளிக்குச் சுருக்கென்றது. “நானும் ஒண்ணு கேக்கலாங்களா? உங்க உரத்தை வண்டியில இருந்து இறக்கி வெச்சதுக்கே கை தோல் உரியுது. கிணத்துல தவளைச் சத்தம் நின்னு போச்சு. என் கோழி இந்த மண்ணை மூணு நாள் கிளறிப் பார்த்துச்சு, ஒரு புழு கிடைக்கலை. பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோயிடுச்சு. எதைத்தாங்க போடுறீங்க அதுல?”

“உரம்னா மரத்துக்குச் சாப்பாடுய்யா. சாப்பாடு யாரையாவது கொல்லுமா? எவனாவது கிளப்பி விடுவான், நீயும் தலையாட்டுவ.”

“அதானே!” என்ற தோப்புக்காரர், கடையில் வாங்கி வைத்திருந்த தண்ணீர்க் கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். கிணறு பத்தடி தள்ளி இருந்தது.

மறுநாள் மத்தியானம் காவலாளி, “நான் சாப்பிடப் போறேங்கோ!” என்று தோப்பு முழுக்கக் கேட்கக் கூவினார். சைக்கிளில் ஏறி வாசல் வழியே போனார். வேலி ஓரமாகச் சுற்றி, பின்பக்கமாய் வந்து, மூலை மரத்துக்குப் பக்கத்துப் புதரில் குந்திக்கொண்டார். எறும்பு கடித்தது. இந்தத் தோப்பில் எறும்பு மிச்சமிருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அரைமணி நேரத்தில் ‘நறுக்’ என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு ‘நறுக்’.

“ஐயா! அம்மா! ஓடி வாங்க! பிடிச்சுட்டேன்!”

பழம் அடுக்கும் கொட்டகையிலிருந்து கணவனும் மனைவியும் ஓடி வந்தார்கள். காவலாளியின் பிடியில் ஓர் ஆள் திமிறிக்கொண்டிருந்தார். முகத்தை மூடிய ஹெல்மெட், ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் பை. காவலாளி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

உரக்கடைக்காரர்.

தோப்புக்காரர் பெரிய பழங்கள் தொங்கும் வரிசைப் பக்கம் கையை நீட்டினார். “ஏன்யா, வாய்விட்டுக் கேட்டிருந்தா கூடை கூடையாக் குடுத்திருப்பேனே! அந்த வரிசையைப் பாரு, ஒவ்வொண்ணும் அரைக் கிலோ. எத்தனை வேணும் சொல்லு, பறிக்கச் சொல்றேன்.”

“ஐயையோ, அது வேண்டாம்ணே!” கடைக்காரர் பதறிப்போனார். “என் பொண்ணு அஞ்சு மாசம் முழுகாம இருக்கா.”

“பொண்ணு முழுகாம இருக்கிறதுக்கும் இந்தச் சொத்தைப் பழத்துக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார் காவலாளி.

தோப்புக்காரரின் மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் காவலாளியை விட்டுவிட்டு, தோப்புக்காரரையே பார்த்து, தணிந்த குரலில் சொன்னார்:

“மரத்துக்கு ஒரு பொட்டலம்னு என் கையாலதாண்ணே கட்டிக் குடுக்கிறேன். உங்க தோப்புல இருக்கிறது இருநூறு மரம், நீங்க வாங்கிட்டுப் போறது நூத்தித் தொண்ணூத்தொம்பது பொட்டலம். அந்த ஒரு மரம் எதுன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூணு மாசம் ஆச்சு.”